கூடாரத்துக்கு வெளியே நின்ற மோசே: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசித்து முடித்துவிட வேண்டும் என்று இந்த ஆண்டின் தொடக்கத்தில் முடிவெடுத்தேன். ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முற்பாதியும் கதையாகவே ஓடின. அதன்பின் கூடாரத்துக்கான பலகைகள், திரைகள், கொக்கிகள் என்று அளவுகள் தொடங்கின. லேவியராகமத்தின் பலி முறைகளுக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். வேதாகமம் முழுவதும் ஒரே கதை என்று பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிவதோ சட்டமும் வம்ச வரலாறும் பாட்டும் கடிதங்களும் கலந்த ஒரு தொகுப்பு மட்டுமே. அந்த ஒரே கதை உண்மையிலேயே நூலுக்குள் இருக்கிறதா, அல்லது பின்னால் வந்தவர்கள் அதன்மேல் ஏற்றிச் சொன்னதா? இருக்கிறது என்றால் நான் அதை எங்கே தவறவிட்டேன்?

ஜே.

அன்புள்ள ஜே.,

நீங்கள் புத்தகத்தை மூடிய இடத்தில்தான் அந்தக் கதை மிகவும் அடர்த்தியாக இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களில் 13 அதிகாரங்கள், பாலைவனப் பயணத்தில் இஸ்ரவேலருக்கு வழிபாட்டு இடமாக இருந்த ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றியவை. கடல் பிளந்து வழிவிட்ட நிகழ்ச்சியை ஒரே அதிகாரத்தில் சொல்லி முடிக்கும் நூல், ஒரு கூடாரத்தின் திரைகளையும் கொக்கிகளையும் முதலில் கட்டளையாகவும் பிறகு வேலையாகவும் இரண்டு முறை எண்ணிச் சொல்கிறதென்றால், அதன் மனம் எங்கே இருக்கிறது என்பதை நாம் கவனித்தாக வேண்டும். மக்கள் நடுவிலே தாம் வாசம்பண்ணுவதற்காகவே அந்தப் பரிசுத்த ஸ்தலம் வேண்டும் என்று கடவுளே 25-ஆம் அதிகாரத்தில் சொல்லிவிடுகிறார். எகிப்திலிருந்து அவர்களை மீட்டது எதற்காக என்ற கேள்விக்கு அந்நூல் தரும் விடையும் அதுதான். கடைசியில் கூடாரம் முடிகிறது, மேகம் அதை மூடுகிறது, கர்த்தரின் மகிமை அதை நிரப்புகிறது. அடுத்த வரியில், மோசேயால் உள்ளே நுழைய முடியவில்லை. பார்வோனின் முன்னால் நின்றவன், மலையுச்சியில் நாற்பது நாள் இருந்தவன், தான் எழுப்பிய கூடாரத்தின் வாசலுக்கு வெளியே நிற்கிறான்.

இப்போது அடுத்த நூலான லேவியராகமத்தின் முதல் வரியைப் பாருங்கள். கர்த்தர் ஆசரிப்புக் கூடாரத்திலிருந்து மோசேயைக் கூப்பிடுகிறார். அதற்கும் அடுத்த நூலான எண்ணாகமத்தின் முதல் வரியில், கர்த்தர் ஆசரிப்புக் கூடாரத்தில் மோசேயோடு பேசுகிறார். 'கூடாரத்திலிருந்து' என்பது 'கூடாரத்தில்' என்று மாறிவிடுகிறது. ஐந்தாம் வேற்றுமைக்கும் ஏழாம் வேற்றுமைக்கும் இடையில் கிடப்பதுதான் லேவியராகமத்தின் 27 அதிகாரங்கள். வெளியே நின்றவன் உள்ளே வந்தது எப்படி என்பதையே, உங்களைச் சோர்வடையச் செய்த அந்தப் பலிகளும் சுத்திகரிப்புகளும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

படைப்பு, வீழ்ச்சி, மீட்பு, நிறைவு என்று நான்கு சொற்களில் வேதாகமக் கதையைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது ஆதியாகமத்தின் 3-ஆம் அதிகாரத்திலிருந்து நேராக மத்தேயுவுக்குத் தாவிவிடுகிறோம். இடையிலுள்ள இஸ்ரவேலின் வரலாறு முழுவதும் நீதிக்கதைகளின் களஞ்சியமாகிவிடுகிறது. கதையை நீங்கள் தவறவிடவில்லை, உங்களுக்குச் சொல்லப்பட்ட சுருக்கத்திலேயே அதன் பெரும்பகுதி விடுபட்டுப் போயிருந்தது என்றுதான் நினைக்கிறேன். மனிதரோடு ஒரே இடத்தில் வாழ விரும்பும் கடவுள், அவர்களை அழித்துவிடாமல் அவர்கள் நடுவில் எப்படி வாழ்வார் என்ற கேள்விதான் இந்த நூல்களை இணைக்கிறது என்பது என் வாசிப்பு.

இதை எனக்குக் காட்டித் தந்தது ஒரு சிறு வினைச்சொல். ஆதியாகமத்தில் பகலின் குளிர்ச்சியான வேளையிலே கடவுள் தோட்டத்தில் 'உலாவுகிற' சத்தத்தை ஆதாமும் ஏவாளும் கேட்டு ஒளிந்துகொள்கிறார்கள். லேவியராகமத்தின் 26-ஆம் அதிகாரத்தில், கட்டளைகளுக்கெல்லாம் முடிவாக வரும் வாக்குறுதி, 'நான் உங்கள் நடுவிலே உலாவி, உங்கள் தேவனாயிருப்பேன்' என்பது. தாவீது ஆலயம் கட்ட விரும்பியபோது, இதுவரை கூடாரத்திலேயே உலாவினேன் என்று பதில் வருகிறது. எபிரெய மூலத்திலும் மூன்று இடங்களிலும் ஒரே வினைதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைக் காப்பாற்றித் தந்திருப்பது நமக்கு வாய்த்த பேறு. தோட்டத்தில் அறுந்துபோன ஒரு மாலைநேர உலாவைத் தொடர்வதற்காகவே அந்தக் கூடாரம் எழுந்தது என்று தெரிந்தபின், அதன் ஒரு கொக்கியைக்கூட என்னால் கடந்துபோக முடியவில்லை.

ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது அதன் கிழக்கே கேருபீன்கள் என்ற சிறகுள்ள வானவர்கள் காவல் வைக்கப்பட்டார்கள். கூடாரத்தின் வாசலும் கிழக்கே இருக்கிறது. கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைக்கும் திரையில் கேருபீன்களின் உருவங்கள் நெய்யப்பட்டிருக்கின்றன. உள்ளே செல்லும் ஆசாரியன் ஆதாம் வெளியேறிய வழியில் திரும்பி நடக்கிறான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இயேசு இறந்த நொடியில் தேவாலயத்தின் திரை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் இரண்டாகக் கிழிந்தது என்ற மாற்குவின் வரியை வாசித்துப் பாருங்கள். மாற்கு அதற்கு விளக்கமே சொல்வதில்லை. அந்தத் திரை எதை மறைத்தது என்பது வாசகருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நம்பியிருக்கிறார்.

சாலொமோனின் ஆலயம் பாபிலோனியரால் கி.மு. 587 அல்லது 586-இல் எரிக்கப்பட்டது. ஆனால் எசேக்கியேலின் நூலில், நெருப்பு வருவதற்கு முன்பே மகிமை ஆலயத்தைவிட்டுப் புறப்பட்டுவிடுகிறது: முதலில் வாசற்படிக்கு, பின்பு கிழக்கு வாசலுக்கு, பின்பு நகரத்துக்குக் கிழக்கே உள்ள மலைக்கு. ஒவ்வோர் இடத்திலும் தயங்கி நிற்பதுபோன்ற அந்தப் புறப்பாட்டைவிடத் துயரமான பகுதி பழைய ஏற்பாட்டில் எனக்குத் தெரிந்து வேறில்லை. பாரசீக அரசன் கோரேசின் ஆணையால் பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் மறுபடியும் அஸ்திபாரம் போட்டபோது, முந்தின ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் மகா சத்தமாய் அழுதார்கள் என்று எஸ்றா எழுதுகிறார். இரண்டாம் ஆலயம் கட்டி முடிந்தபோது மேகம் வந்து அதை நிரப்பியதாக எங்கும் எழுதப்படவில்லை. பழைய ஏற்பாடு அந்தக் காத்திருப்போடு நின்றுவிடுகிறது.

யோவான் தன் நற்செய்தியை 'ஆதியிலே' என்ற சொல்லோடு தொடங்கி, வார்த்தை மாம்சமாகி நமக்குள்ளே வாசம்பண்ணினார் என்கிறார். 'வாசம்பண்ணினார்' என்பதற்கு அவர் கிரேக்கத்தில் இட்ட வினை, 'கூடாரமடித்தார்' என்பது. தமிழில் அது மங்கிவிட்டது. அதே யோவானில், கல்லறைத் தோட்டத்தில் மகதலேனா மரியாள் உயிர்த்தெழுந்தவரைத் தோட்டக்காரர் என்று எண்ணுகிறாள். அவள் நினைத்தது தவறுதான் என்றாலும், யோவான் அதை எழுதி வைத்ததற்குக் காரணம் இல்லாமலிருக்காது.

வெளிப்படுத்தின விசேஷத்தின் முடிவில் இறங்கிவரும் நகரத்தின் அளவு, நீளம் அகலம் உயரம் மூன்றிலும் 12,000 ஸ்தாதி (பழைய கிரேக்க நீள அளவு). ஒரு நகரம் ஏன் கனசதுரமாக இருக்க வேண்டும்? சாலொமோனின் ஆலயத்தில் மகா பரிசுத்த ஸ்தலம் 20 முழம் நீளமும் 20 முழம் அகலமும் 20 முழம் உயரமும் கொண்டது. அந்தச் சிறிய அறைதான் நகரமாகிவிட்டது. அதனால்தான் அந்த நகரத்தில் தேவாலயம் இல்லை. ஜீவ விருட்சமோ இருக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஏற்றிச் சொன்னது எதுவுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். யூதர்கள் இதே எபிரெய நூல்களை வேறு வரிசையில் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய வரிசை நாளாகமத்தில், எருசலேமுக்குப் போக விரும்புகிறவன் போகட்டும் என்ற கோரேசின் அனுமதியோடு முடிகிறது. கிறிஸ்தவர்களின் வரிசை, எலியா வருவான் என்ற மல்கியாவின் வாக்கோடு முடிந்து அடுத்த ஏற்பாட்டை எதிர்நோக்குகிறது. யூதர்களின் வாசிப்பும் முழுமையானது, மதிக்கத்தக்கது. கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரே கதை என்பது போராடிப் பெற்ற முடிவு. 2-ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற கிறிஸ்தவ போதகர் பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட வேண்டும் என்றார். ரோமத் திருச்சபை 144-ஆம் ஆண்டையொட்டி அவரை விலக்கியது. லியோன் நகரத்தின் ஆயர் இரனேயு, புதிய ஏற்பாட்டிலுள்ள எபேசியர் கடிதத்தின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, எல்லாமே கிறிஸ்துவுக்குள் ஒன்றுகூட்டப்படுகின்றன என்று விரிவாக வாதிட்டார். ஆனால் திரையையும் கூடாரத்தையும் கனசதுரத்தையும் இரனேயு கொண்டுவந்து சேர்க்கவில்லை. பிற்காலத்து ஆசிரியர்கள் முற்காலத்துச் சுருள்களை வரிவரியாக வாசித்துவிட்டே எழுதினார்கள். அந்த வாசிப்பின் தடம் நூலுக்குள்ளேயே இருக்கிறது.

இந்த இழையில் கோக்க முடியாத நூல்களும் உண்டு. எபிரெய எஸ்தரில் கடவுளின் பெயரே வருவதில்லை. பிரசங்கியையும் யோபுவையும் இழுத்துவந்து இதற்குள் பொருத்துவது அவற்றுக்குச் செய்யும் அநீதி. அவற்றை அவற்றின் போக்கிலேயே வாசியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான்: யாத்திராகமத்தின் 40-ஆம் அதிகாரத்தை மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டு, லேவியராகமத்தை நிறுத்திய இடத்திலிருந்து தொடருங்கள். 16-ஆம் அதிகாரத்துக்கு வரும்போது வேகத்தைக் குறையுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே ஒரு மனிதன், உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தைத் தூபப்புகை மறைக்க, அந்தத் திரைக்குள் நுழைவது அங்கேதான்.