லாப்டொப் ஓன் ஆகி வேலை தொடங்க ஆறேழு நிமிடம் போகிறது. போர்மட் அடிக்காமல் சரிசெய்ய வழி இருக்கிறதா?

டீச்சர், லாப்டொப்பைப் போர்மட் அடிக்க இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவு: விண்டோஸ் 10, 4 ஜீபி ரேம், சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க், ஐந்தாறு வருடம் பாவித்தது. பாஸ்வேர்ட் அடித்து டெஸ்க்டொப் வந்த பிறகும் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. தவணைப் பரீட்சை வினாத்தாளைத் திறந்து ஒரு வரி அடிப்பதற்குள் ஆறேழு நிமிடம் போய்விடுகிறது. மல்லாவியில் காட்டிய இடத்தில் "விண்டோஸ் பழுது, போர்மட்தான்" என்று சொல்லிவிட்டார்கள்.

நான் கிளிநொச்சியில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். இந்தக் குறையோடு வருகிற லாப்டொப்களில் பெரும்பாலும் விண்டோஸ் பழுதாகி இருப்பதில்லை. ஓன் பண்ணியவுடன் யாரும் கூப்பிடாமலே எழும்பி வருகிற புரோகிராம்கள்தான் அதை அமுக்கி வைத்திருக்கும். அவற்றில் தேவையில்லாததை நிப்பாட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஒரு சதம் செலவில்லை, ஒரு பைலும் அழியாது.

போர்மட்டை நான் கடைசி வழியாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வன்னியில் ஒரு வீட்டு லாப்டொப்புக்குள் என்னென்ன கிடக்கும் என்று திருத்துகிற எங்களுக்குத் தெரியும். 2009இல் அல்பங்களை எல்லாம் விட்டுவிட்டு வந்த சனம், பிறகு கனடாவிலும் சுவிசிலும் இருக்கிற சொந்தக்காரரிடம் கேட்டுக் கேட்டு வாங்கிச் சேர்த்த படங்களை டெஸ்க்டொப்பில் ஒரு போல்டரில் வைத்திருக்கும். வேறெங்கும் கொப்பி இருக்காது. டெஸ்க்டொப்பும் டொக்குமென்ட்ஸ் போல்டரும் சாதாரணமாக சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. சி டிரைவைப் போர்மட் அடித்தால் அவையும் போகும். அதைவிட, போர்மட் அடித்த கையோடு "எல்லாச் சொப்ட்வெயாரும் போட்டுத் தாறம்" என்று ஒரு கட்டு புரோகிராமை ஏற்றிவிட்டால், அவற்றில் பாதி மறுபடியும் தானாக எழும்புகிற பட்டியலில் போய்க் குந்திக்கொள்ளும். கொஞ்ச நாள் பறக்கும், பிறகு பழைய குறைதான்.

முதலில் எந்த இடத்தில் சுணங்குகிறது என்று பாருங்கள். பாஸ்வேர்ட் கேட்கும் திரை வருவதற்கே மூன்று நான்கு நிமிடம் என்றால் ஹார்ட் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கலாம். அப்படியென்றால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் பைல்களை வெளியே கொப்பி எடுங்கள். பாஸ்வேர்ட் அடித்த பிறகுதான் இழுபறி என்றால், நான் சொல்லப் போவதுதான் மருந்து. உங்களுடையது இரண்டாவது வகை.

ஏன் இழுக்கிறது? லாப்டொப் ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிறவை. தேவையான இடம், டிஸ்க்கை வாசிக்கிற ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதுவே ஐந்தரை மில்லி செக்கன். அதற்கு முன் ஊசியைத் தாங்குகிற கை அந்த இடத்துக்கு நகர வேண்டும், அதற்கு இன்னொரு பத்து மில்லி செக்கன் அளவில் போகும். ஆகவே சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னப் பைல்களை எடுக்கச் சொன்னால் செக்கனுக்கு நூறு இடத்தைக்கூட அதனால் தொட ஏலாது. இருபது புரோகிராம் ஒரே நேரத்தில் ஆளுக்கு நூற்றுக்கணக்கான பைல் கேட்டால், ஊர்ச் சனம் முழுக்க ஒரு கிணற்றடியில் ஒரே வாளிக்கு நிற்கிற மாதிரித்தான். இதற்குள் 4 ஜீபி ரேமும் நிரம்பிவிட்டால், மிச்சத்தை விண்டோஸ் அதே டிஸ்க்கில்தான் இறக்கி ஏற்றும். புரோசசர் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் நிற்கும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இன்னொரு கனம் இருக்கிறது. மாரியில் இடி மின்னலோடு கரண்ட் போய்ப் போய் வரும். பற்றரி செத்த லாப்டொப் என்றால் ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து ஓன் பண்ண வேண்டும். அந்த ஆறேழு நிமிடம் ஒரே பின்னேரத்துக்குள் திரும்பத் திரும்ப வரும்.

சரி, செய்முறை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அமத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். சின்னப் பெட்டியாக வந்தால் கீழே 'மோர் டீடெயில்ஸ்' என்பதை அமத்துங்கள். மேலே 'ஸ்டார்ட்அப்' என்று ஒரு பகுதி இருக்கும், அதுதான் பட்டியல். விண்டோஸ் 11இலும் இதே மூன்று விசைகள்தான்.

வலப் பக்கத்தில் 'ஸ்டார்ட்அப் இம்பக்ட்' என்ற நிரலைப் பாருங்கள். ஓன் ஆகும்போது புரோசசரில் 1 செக்கனுக்கு மேல் எடுத்தாலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் வாசித்து எழுதினாலோ அதற்கு 'ஹை' என்று போடும். அந்த நிரலின் தலைப்பை ஒருமுறை கிளிக் பண்ணினால் கனமானவை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். பிறகு தலைப்பில் ரைட் கிளிக் பண்ணி 'கொமாண்ட் லைன்' என்பதையும் ஓன் பண்ணிவிடுங்கள். எந்தப் போல்டரில் இருந்து எது ஓடுகிறது என்று அது காட்டும், கீழே தேவைப்படும்.

இனி ஒவ்வொரு வரியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது லாப்டொப் ஓன் ஆகும்போதே எனக்கு வேணுமா, அல்லது நான் திறக்கும்போது வந்தால் காணுமா? திறக்கும்போது காணும் என்றால் ரைட் கிளிக், 'டிசேபிள்'. இது அழிப்பது இல்லை. புரோகிராம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஐகனை அமத்தினால் வழமை போலத் திறக்கும். பிழைத்தால் அதே இடத்தில் 'எனேபிள்' கொடுத்தால் முடிந்தது. ஆகவே பயப்படாமல் செய்யலாம்.

உங்கள் பட்டியலில் என்ன இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். 2020இல் கொரோனாவோடு ஒன்லைன் வகுப்புக்கு ஏற்றிய சூம், டீம்ஸ் இரண்டும் இருக்கும். வகுப்பு நேரத்தில் திறந்தால் போதும், டிசேபிள். வைபர், வட்ஸ்அப் இரண்டும் கையில் இருக்கிற போனில் வருகின்றன, டிசேபிள். ஸ்கைப் இன்னும் இருந்தால் அதை அன்இன்ஸ்டோலே பண்ணிவிடுங்கள். வெளிநாட்டோடு கதைக்க ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஏற்றியது. 2025 மே 5ஆம் திகதியோடு அந்தச் சேவையே மூடப்பட்டுவிட்டது. இன்டர்நெட் டொங்கிளோடு வந்த சொப்ட்வெயார், பிரின்டர் மை எவ்வளவு என்று காட்டுகிற புரோகிராம், பாட்டுக் கேட்கிறது, டொரன்ட், பிடிஎப் வாசிக்கிற புரோகிராமின் அப்டேட்டர், ஒன்றும் காலையிலேயே எழும்ப வேண்டியது இல்லை. பிரின்டரின் டிரைவர் வேறு, அந்த மை காட்டுகிற புரோகிராம் வேறு. இதை நிப்பாட்டினாலும் பிரின்ட் வரும்.

ஒன்டிரைவ் பற்றி யோசித்துச் செய்யுங்கள். அதில் கணக்குப் போட்டு வினாத்தாள்களைச் சேமிக்கிறீர்கள் என்றால் விடுங்கள், அது உங்கள் காப்பு. ஒருநாளும் உள்ளே போனதே இல்லை என்றால் டிசேபிள்.

தொடக்கூடாதவையும் உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டி ஐகன், ரியல்டெக் என்று வருகிற ஓடியோ, டச்பேட் சம்பந்தமானது, இவை இருக்கட்டும். எல்லாவற்றையும்விட, தமிழ் அடிக்கிற புரோகிராம். பாமினி விசைப்பலகைக்கு என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ வைத்திருப்பீர்கள். அதை நிப்பாட்டிவிட்டால் அடுத்த நாள் காலையில் வேர்டில் தமிழ் வராது, எழுத்துரு பழுது என்று நினைத்து மறுபடி கடைக்கு ஓட வேண்டி வரும். சின்னப் புரோகிராம், பாரமும் இல்லை. விட்டுவிடுங்கள்.

இன்னும் இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். வெறும் 'புரோகிராம்' என்று மட்டும் பெயர் போட்டு, வெள்ளை ஐகனோடு ஒன்று நிற்கலாம். அது அனேகமாக எப்போதோ அழித்த ஒரு சொப்ட்வெயாரின் மிச்சம், டிசேபிள் பண்ணலாம். மற்றது 'மைக்ரோசொப்ட் விண்டோஸ் பேஸ்ட் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்'. பெயரைப் பார்த்து விண்டோஸுக்குச் சொந்தமானது என்று விட்டுவிடாதீர்கள். கொமினிகேஷன் கடைக்குப் பிரின்ட் எடுக்கக் கொண்டு போன பென் டிரைவில் போல்டர் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறி வந்ததைக் கண்டிருப்பீர்கள். அந்த வைரஸ் லாப்டொப்பில் ஏறினால் ஸ்டார்ட்அப்பில் பெரும்பாலும் இந்தப் பெயரோடுதான் நிற்கும். ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் விண்டோஸின் சொந்தப் புரோகிராம்தான், அதை அழிக்கக்கூடாது. அதைக் கொண்டு ஓட வைக்கிற ஸ்கிரிப்ட் பைல்தான் கள்ளன். கொமாண்ட் லைன் நிரலில் அதன் பெயரும் இடமும் தெரியும். அந்த வரியை டிசேபிள் பண்ணிவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'டிபெண்டர் ஓஃப்லைன் ஸ்கான்' கொடுங்கள். லாப்டொப் தானே றீஸ்டார்ட் ஆகிச் சுமார் கால் மணித்தியாலத்தில் பார்த்து முடிக்கும். பென் டிரைவுக்குள் இருந்த உண்மையான பைல்கள் அநேகமாக அழிந்திருக்காது, ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். பென் டிரைவைப் போர்மட் அடித்துவிடாதீர்கள்.

பட்டியலில் தெரியாமல் எழும்புகிறவையும் உண்டு. குரோம், மூடிய பிறகும் பின்னால் ஓடும்; அதன் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குள், அப்படிப் பின்னால் ஓட விடுகிறதை ஓஃப் பண்ணுங்கள். எட்ஜில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்று இருக்கும், 4 ஜீபி ரேமுக்கு அது தேவையில்லை. வைரஸ் கார்ட் இரண்டு போட்டிருந்தால் ஒன்றை முழுதாக அன்இன்ஸ்டோல் பண்ண வேண்டும், இந்தப் பட்டியலில் நிப்பாட்டினால் அது நிற்காது. காலாவதியானது என்றால் யோசிக்கவே வேண்டாம், விண்டோஸோடு வருகிற டிபெண்டர் காணும். "லாப்டொப்பை வேகமாக்கும்" என்று விளம்பரம் வருகிற கிளீனர், பூஸ்டர் ஒன்றும் ஏற்றாதீர்கள். அவை முதலில் செய்கிற வேலையே ஸ்டார்ட்அப்பில் தங்களைச் சேர்ப்பதுதான்.

வீடியோக்களில் 'சேர்விசஸ்' பகுதிக்குப் போய் அதை நிப்பாட்டு, இதை நிப்பாட்டு என்பார்கள். அந்தப் பக்கம் போக வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டையும் நிப்பாட்டாதீர்கள். டேட்டா போகிறது என்ற கவலை என்றால், வைபை செட்டிங்ஸில் உங்கள் ரூட்டரின் பெயரைத் திறந்து 'மீற்றர்ட் கனெக்ஷன்' ஓன் பண்ணிவிடுங்கள். பெரும்பாலான அப்டேட்களை அது தானாக இறக்காது. இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் அந்த நேரத்தில் நீங்களே இறக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் 'ஷட் டவுன்' கொடுக்காமல் 'றீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸ் 8இல் இருந்து 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு டிஸ்க்கில் அப்படியே சேமிக்கப்பட்டு, அடுத்த நாள் அதே நிலையில் எழும்பும். தினமும் ஓஃப் பண்ணுகிற லாப்டொப்பிலும் டாஸ்க் மனேஜரின் 'பெர்போமன்ஸ்' பகுதியில் 'அப் டைம்' பல நாள் காட்டுவது அதனால்தான். உங்கள் டிஸ்க்குக்கு இந்த வசதி நல்லது, நிப்பாட்ட வேண்டாம். கிழமைக்கு ஒருக்கால் றீஸ்டார்ட் கொடுத்தால் காணும்.

இதற்குப் பிறகும் திருப்தி இல்லை என்றால், காசு செலவழிக்க வேண்டிய இடம் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிறது. சுழலுகிற தட்டும் இல்லை, நகருகிற கையும் இல்லை. உங்கள் ஹார்ட் டிஸ்க் இருக்கிற அதே இடத்தில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி பொருந்தும். பழையதில் உள்ளதை அப்படியே 'குளோன்' பண்ணி ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், விண்டோஸ் புதிதாகப் போட வேண்டியதில்லை. ரேமை 8 ஜீபி ஆக்குவது அதற்கு அடுத்தது.

பாடசாலை ஆய்வுகூடக் கொம்பியூட்டர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவை விண்டோஸ் 7 என்றால் டாஸ்க் மனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதி இருக்காது. விண்டோஸ் விசையும் 'ஆர்' எழுத்தும் அமத்தி, வருகிற பெட்டியில் எம்எஸ்கொன்பிக் (msconfig) என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடியுங்கள். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய்த் தேவையில்லாததன் சரி அடையாளத்தை எடுத்துவிட்டு றீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, ஆகவே அவற்றில் பிள்ளைகளின் பென் டிரைவைப் போடவிட முதல் ஸ்கான் பண்ணுங்கள்.

பட்டியலில் எது என்னவென்று விளங்காத வரி இருந்தால், கொமாண்ட் லைன் நிரலும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து இங்கேயே கீழே போடுங்கள் டீச்சர். பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.