தகரக் கூரையின் கீழ் நின்று திசை பார்க்காதீர்கள்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். வள்ளியூரில் மின்னணுச் சாதனங்கள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலி, உரிமம் உண்டு. எங்கள் நண்பர்கள் குழு நடத்தும் நரி வேட்டையில், அதாவது ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரைத் திசை பார்த்துக் கண்டுபிடிக்கும் போட்டியில், நானும் என் அத்தானும் ஒரே பைக்கில் கலந்துகொள்கிறோம். அவர் ஓட்டுவார், நான் பின்னால் இருந்து ஆன்டெனா பிடிப்பேன். ஐப்பசியில் நடந்த பயிற்சியன்று நல்ல மழை. சாலையோரத் தகரக் கொட்டகையில் ஒதுங்கி நின்று திசை பார்த்தேன். சிக்னல் மேற்கே மலைப்பக்கம் காட்டியது. ஏர்வாடி தாண்டித் திருக்குறுங்குடி வரை போய் அலைந்தோம். நரி இருந்ததோ கிழக்கே, திசையன்விளை போகும் வழியில் ஒரு பனைவிளைக்குள். 'உன் ஆன்டெனா மழைக்கு ஆகாது' என்று அத்தான் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். மழையில் ரேடியோ அலை திசை மாறுமா? போட்டி கார்த்திகையில். இடி மின்னலில் கம்பியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று அக்காள் தடுக்கிறாள். போகலாமா, வேண்டாமா?
பெயர் வேண்டாம், வள்ளியூர்

பதில்: தம்பி, முதலில் அத்தானுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தேடிய 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். மழைத்துளி சில மில்லிமீட்டர்தான். அவ்வளவு நீண்ட அலையைத் துளிகளால் வளைக்கவும் முடியாது, சொல்லும்படி விழுங்கவும் முடியாது. மழை சிக்னலைத் தின்பதெல்லாம் பெரும்பாலும் பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேலே. மாடியில் டிஷ் வைத்து டிவி பார்க்கிறவர்களின் கவலை அது. உங்கள் அலையை மழை திருப்பவில்லை. உங்களைக் கொட்டகைக்குள் தள்ளியது, அவ்வளவுதான்.

அந்தக் கொட்டகை எந்தப் பக்கம் திறந்திருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. மேற்கே திறந்திருந்தது என்று நான் பந்தயம் கட்டுவேன். கிழக்கிலிருந்து நேராக வந்த அலையைத் தகரம் மறைத்திருக்கும். அதே அலை மேற்குத் தொடர்ச்சி மலையில் பட்டுத் திரும்பி, திறந்த பக்கம் வழியாக உள்ளே வந்திருக்கும். மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிற மலை. வள்ளியூர், பணகுடி, ஏர்வாடிப் பக்கம் இந்த இரண்டு மீட்டர் அலைவரிசையில் திசை பார்க்கிற எவருக்கும் அது பெரிய சுவர். போதாக்குறைக்குக் கொட்டகையின் இரும்புக் குழாய்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள எந்த உலோகமும் இந்த அலைவரிசையில் தானே ஒரு ஆன்டெனாவைப் போல் நடந்துகொள்ளும்; உங்கள் யாகியின், அதாவது ஒரு பக்கத்துச் சிக்னலை மட்டும் நன்றாகப் பிடிக்கும் ஆன்டெனாவின், திசைக் கணக்கு அதன் பக்கத்தில் நிற்கும்போது குழம்பிவிடும். வெயில் நாளில் அதே கொட்டகைக்குள் நின்றிருந்தாலும் திருக்குறுங்குடிக்குத்தான் போயிருப்பீர்கள்.

ஆகவே மழைநாள் போட்டிக்கு என் முதல் ஆலோசனை: நனையுங்கள். நல்ல மழைக்கோட்டுக்குப் பணம் செலவழியுங்கள். கூரை, சுவர், மின்கம்பி, நிறுத்திய லாரி எல்லாவற்றையும் விட்டு விலகி வெட்டவெளியில் நில்லுங்கள். மின்னல் இல்லாதபோது குளத்துக் கரையை மிஞ்சிய இடம் கிடையாது. உயரம் கிடைக்கும், நான்கு பக்கமும் திறந்திருக்கும். ஒருமுறை பார்த்தது போதாது. நூறு மீட்டர் நகர்ந்து மறுபடி பாருங்கள். நேராக வரும் சிக்னல் அதே பக்கத்தையே காட்டும். எதிரொலிப்பு தாவும், அல்லது மலைப்பக்கம் முழுவதும் பரவலாக, எங்கே உச்சம் என்று சொல்ல முடியாதபடி கேட்கும். இன்னொரு சோதனையும் உண்டு. யாகியின் முதுகைச் சிக்னல் பக்கம் திருப்பினால் ஒலி நன்றாக அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் இரண்டு வழியாக அலை வருகிறது என்று பொருள். நரியின் ஆன்டெனா செங்குத்தாக இருப்பது தெரிந்தும், உங்கள் ஆன்டெனாவைச் சாய்த்துப் பிடித்தால்தான் அதிகம் கேட்கிறது என்றால் அதையும் சந்தேகியுங்கள்.

மழையில் ஒரேயடியாக மாற்றம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நனைந்த மரம் வேறு, காய்ந்த மரம் வேறு. நரி பனைவிளைக்குள், சுற்றிலும் உடைமரக் காடு, எல்லாம் ஈரம் சொட்ட நிற்கிறது என்றால் நேரடி அலை கொஞ்சம் மங்கிப்போகும். மலையில் பட்டுவருவது ஒப்பீட்டில் பெரிதாகத் தெரியும். ஆகையால் மழைநாளில் சிக்னல் பலவீனமாக இருக்கிறது என்பதை வைத்து 'நரி தூரத்தில் இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். பலத்தை வைத்துத் தூரம் சொல்வது வெயிலிலேயே பாதி ஊகம்.

தூரத்தை வரைபடத்தில் கண்டுபிடியுங்கள். இரண்டு இடங்களில் பார்த்த திசைக்கோடுகள் ஏறக்குறையச் செங்கோணத்தில் வெட்டிக்கொண்டால் அந்தப் புள்ளியை நம்பலாம். ஒரே சாலையில் முன்னும் பின்னும் நின்று பார்த்து, கூர்மையான கோணத்தில் வெட்டும் கோடுகளை நம்பாதீர்கள். ஆறு கிலோமீட்டர் தூரத்தில் பத்து பாகை பிசகினால் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். வரைபடத்தைக் காகிதத்தில் எடுத்துப் பாலிதீன் உறைக்குள் வையுங்கள், பென்சிலால் எழுதுங்கள். ஈரக் கை பட்டால் கைபேசித் திரை தன் இஷ்டத்துக்கு ஓடும். திசைகாட்டியைப் பைக் டேங்க் மேல் வைத்துப் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

இப்போது ஆன்டெனா. அத்தான் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம் என்பதால் இதைச் சொல்கிறேன். உங்கள் குழுவில் பெரும்பாலோரைப் போல் நீங்களும் பிளம்பிங் குழாயில் எஃகு அளவு நாடாவை வெட்டிக் கட்டிய மூன்று கம்பி யாகிதான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மலிவு, எடை இல்லை, புதருக்குள் நுழைந்தால் மடங்கி மறுபடி நிமிரும். அதன் பலவீனம் நடுக்கம்பியில் கேபிள் சேரும் இடைவெளி. அங்கே தண்ணீர் படலமாக நின்றால் ஆன்டெனாவுக்கும் கேபிளுக்கும் உள்ள பொருத்தம் கெடும், முதுகுப் பக்கச் சிக்னல் அடங்குவதும் குறையும். பெயின்டைச் சுரண்டி ஈயம் பற்றவைத்த இடத்தில் துரு ஏறும். தண்ணீர் கேபிளின் வலைப்பின்னலுக்குள் இறங்கிவிட்டால் கேபிளையே மாற்ற வேண்டியதுதான். சூடான பசையை அந்த இணைப்பின் மேல் நன்றாக ஊற்றி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். பழுது பார்க்கும் கடைக்காரருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரார் செட்டையெல்லாம் சரிசெய்பவர் தன் செட்டைக் கவனிக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

கையடக்க செட் மழை தாங்கும் வகையாக இருக்கலாம். ஆனால் இயர்போன் மாட்டுவதற்காக ரப்பர் மூடியைத் திறந்த நிமிடமே அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. செட்டையும், சிக்னலைக் குறைத்துக் கொடுக்கும் அட்டனுவேட்டர் பெட்டியையும் ஒரே தடித்த பாலிதீன் பைக்குள் போட்டு, வயர் வெளிவரும் வாயைக் கீழ்நோக்கிக் கட்டுங்கள். நரியை நெருங்கியதும் அட்டனுவேட்டர் நனைந்து மக்கர் செய்தால் பதறாதீர்கள். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு செட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். சிக்னல் எங்கே மிகவும் மங்குகிறதோ, அப்போது நரி உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. அப்போதும் அதிகமாகக் கேட்டால் ஐந்து, பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி டியூன் செய்யுங்கள். நரி 145 மெகாஹெர்ட்ஸில் என்றால், 435இல் அதன் மூன்றாம் மடங்கு அலை மெல்லக் கேட்கத் தொடங்கும்போது கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பைக் ஓடும்போது ஆன்டெனா பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே நிறுத்துங்கள். வள்ளியூர், பணகுடிக் காற்று ஊரறிந்தது, மழையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். நாடா படபடத்து ஒரு திசையும் தராது. பக்கத்தில் போகும் பஸ்ஸில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டாம். நிறுத்துங்கள், இறங்குங்கள், பாருங்கள், மடக்குங்கள், பிறகு ஏறுங்கள். பன்னாட்டு விதிப்படி காட்டில் ஓடித் தேடும் போட்டிகளில் ஐந்து டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே அலைவரிசையில் மாறி மாறி ஆளுக்கு ஒரு நிமிடம் ஒலிபரப்பும். ஒன்றைத் தவறவிட்டால் அது மறுபடி பேச நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். அங்கே ஓடுகிறவர்கள் அந்த நிமிடம் தொடங்கும் முன்பே நல்ல இடத்தில் போய் நின்றுகொள்கிறார்கள். உங்கள் நரியும் விட்டு விட்டுப் பேசும் ரகம் என்றால் இதே பழக்கம் உதவும். மழைக்கு ஒதுங்கி நின்றுவிட்டு, சிக்னல் வந்ததும் வெளியே ஓடுவது பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

அக்காளின் பயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் முழுக்கச் சரியாகப் பேசியிருப்பவர் அவர் ஒருவர்தான். மழை வேறு, மின்னல் வேறு. மின்னல் தெரிந்து முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அந்த நிமிடமே ஆன்டெனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியாமல் வெளியே வரக் கூடாது. நான் புகழ்ந்த குளத்துக் கரை அப்போது மிக மோசமான இடம். பனைமரத்தடியும் அப்படியே, இடி விழுந்து தலை கருகிய பனையை நம் பக்கத்தில் பார்க்காதவர் யார்? காரில் வருகிற அணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கலாம். பைக்கில் வருகிற உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு சின்ன உதவி: பழைய மத்திய அலை ரேடியோ ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வானொலி நிலையமும் கேட்காத இடத்தில் முள்ளை வைத்தால், இடி காதில் விழுவதற்கு வெகு முன்பே மின்னலின் கரகரப்பு அதில் கேட்கும். வெடிப்புகள் நெருக்கமாக வரத் தொடங்கினால் இடத்தைக் காலி செய்யுங்கள்.

தண்ணீரைப் பற்றி அக்காள் எதுவும் சொல்லவில்லை. நான் மின்னலைவிட அதற்கு அதிகம் பயப்படுவேன். நம்பியாறு மலையில் பிறந்து உங்கள் போட்டிக் களத்தின் குறுக்கே கடலுக்குப் போகிறது. மலையில் பெய்தால் போதும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறும். போகும்போது கடந்த பாலம் திரும்பும்போது இருக்காது. ஓடுகிற தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரையே மிதக்கவிடும். பைக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் சிக்கியதையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். போட்டிக்கு முந்தைய நாளே களத்திலுள்ள தரைப்பாலங்களை வரைபடத்தில் சிவப்பில் குறித்துவிடுங்கள். திசைக்கோடு அதன் மேல் போனாலும் சரி, சுற்றுவழிதான்.

உங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு சங்கடம் உண்டு. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் வளாகம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம், விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப 1990 முதல் இயங்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். மூன்றுக்கும் நடுவே, தலையில் மழைக்கோட்டும் காதில் இயர்போனும் கையில் விசித்திரமான கம்பியுமாக இருவர் இருட்டில் சுற்றினால் யாருக்கும் சந்தேகம் வரும். வேலிப்பக்கம் போகவே வேண்டாம். அமைப்பாளர்களும் அந்தப் பக்கம் நரியை வைக்கக் கூடாது. உரிமத்தின் நகலைப் பையில் வையுங்கள். போட்டி நடக்கும் பகுதிக் காவல் நிலையங்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தாகிவிட்டதா என்று அமைப்பாளரிடம் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பயிற்சியன்று மேற்கே போகலாம் என்றது நீங்கள். சந்தேகம் வந்த பிறகும் வண்டியைத் திருப்பாமல் ஓட்டியது அத்தான் என்று உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு நடுவே படிக்கிறேன். மூத்தவரிடம் 'நிறுத்துங்கள்' என்று சொல்ல உங்களுக்குத் தயக்கம். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: திசையை நீங்கள் சொல்வீர்கள், எந்தச் சாலை என்பதை அவர் சொல்வார், 'போதும், திரும்பலாம்' என்று இருவரில் யார் சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்காமல் திரும்ப வேண்டும். இதை அக்காள் முன்னிலையில் பேசினால் அத்தான் பிறகு மாற்றிப் பேச மாட்டார்.

ஆகவே போகலாம், இந்த ஒப்பந்தத்தோடு. காலையிலேயே வானிலை ஆய்வு மையம் உங்கள் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் போக வேண்டாம். அமைப்பாளர் ஒத்திவைக்காவிட்டாலும் நீங்கள் ஒத்திவையுங்கள். நடுவில் விலகினால் அமைப்பாளரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள். அவருடைய கைபேசி எண்ணையும், இத்தனை மணிக்குள் வீடு திரும்புவோம் என்பதையும் கிளம்பும் முன் அக்காளிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.