வாசலில் வந்து நிற்பவரும் வீட்டாரின் உரிமையும்: ரீவி லைசென்ஸ் குறித்து வாசகர் கேள்விகள்

பிரித்தானியாவில் வாழும் வாசகர்களிடமிருந்து அண்மையில் வந்த சட்டக் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விடயம் பற்றியவை. தொலைக்காட்சியை நேரலையாகப் பார்ப்பதற்குக் கட்டணம் செலுத்திப் பெற வேண்டிய தொலைக்காட்சி உரிமம், அதாவது வீடுகளில் நாம் 'ரீவி லைசென்ஸ்' என்று சொல்லிப் பழகியது, அதன் பெயரால் வரும் கடிதங்கள், அதன் பெயரால் கதவைத் தட்டுகிறவர்கள். அவற்றில் ஐந்து கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் கணவர் இரவு வேலை செய்பவர். பகலில் அவர் உறங்கும்போது நானும் கைக்குழந்தையும்தான் விழித்திருப்போம். சென்ற மாதம் ஒருவர் கதவைத் தட்டி, ரீவி லைசென்ஸ் விடயமாக வந்திருப்பதாகவும் உள்ளே பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு ஆங்கிலம் குறைவு. பயத்தில் கதவைச் சாத்திவிட்டேன். நான் செய்தது குற்றமா? அவர் பொலிசோடு திரும்பி வருவாரா? (ஹரோ வாசகி)

பதில்: சகோதரி, நீங்கள் செய்தது குற்றமே அல்ல. இதை முதலில் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவற்றை அதன்பின் பார்ப்போம்.

ரீவி லைசென்சிங் என்பது பிபிசி உரிமக் கட்டணத்தை வசூலிப்பதற்குப் பயன்படுத்தும் வணிகப் பெயர். வீடு வீடாக வருகிறவர்கள் பொலிசார் அல்லர், நீதிமன்ற அலுவலரும் அல்லர். பிபிசியிடம் ஒப்பந்தம் பெற்ற நிறுவனமொன்றின் பணியாளர்கள். உங்கள் வாசல்வரை வந்து கதவைத் தட்டுவதற்கு, தபால்காரருக்கு இருப்பது போன்ற பொதுவான அனுமதி அவர்களுக்கு உண்டு. அதற்கு மேல், உங்கள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் ஓர் அடி எடுத்து வைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இல்லை. நீங்கள் பெயர் சொல்ல வேண்டியதில்லை, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. போகும்படி சொன்னால் அவர்கள் போய்விட வேண்டும் என்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட நடைமுறை. அடையாள அட்டையைக் காட்டும்படி கேட்கலாம். கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கேட்கலாம்.

வீட்டுக்குள் வர அவர்களுக்கு இருக்கும் ஒரே சட்டவழி, 2003ஆம் ஆண்டின் தொடர்பாடல் சட்டத்தின் 366ஆம் பிரிவின்படி நீதவானிடம், ஸ்கொட்லாந்தில் ஷெரிஃப் எனப்படும் நீதிபதியிடம், பெறும் தேடுதல் ஆணை மட்டுமே. அந்த வீட்டில் குற்றம் நடந்திருக்கிறது அல்லது நடக்கிறது என நம்புவதற்கு நியாயமான காரணங்கள் உண்டென்று சத்தியத்தின் பேரில் காட்டினால்தான் அது கிடைக்கும். ஒரு மாத காலத்துக்கே செல்லும். ஒரு தாய் கதவைச் சாத்தினார் என்பது மட்டும் அதற்கான காரணமாகிவிடாது. ஆனால் உண்மையாகவே ஆணையோடு வந்தால் நிலைமை வேறு. அப்போது பொலிசாரும் உடன் வரலாம், வேண்டுமென்றே தடுப்பது தனிக் குற்றமாகும். ஆகவே ஆணை இருப்பதாக யாராவது சொன்னால், தாளைக் காட்டச் சொல்லி, அதில் உங்கள் முகவரியும் திகதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உறங்கும் கணவரை எழுப்புவதற்கு அது தகுந்த நேரம்தான்.

கேள்வி: வந்தவர் வாசலில் நின்று கேள்விகள் கேட்டு, ஒரு படிவத்தை நிரப்பி, என் மனைவியிடம் கையொப்பம் வாங்கிச் சென்றுவிட்டார். 'வந்து பார்த்ததற்கான கையொப்பம்' என்றுதான் மனைவி விளங்கிக்கொண்டார். இப்போது அவர் பெயருக்கு நீதிமன்றக் கடிதம் வந்திருக்கிறது. வீட்டுக் கட்டணங்கள் எல்லாம் என் பெயரில் இருக்க, அவரை எப்படிக் குற்றவாளி ஆக்கலாம்? (ஈஸ்ட்ஹாம் வாசகர்)

பதில்: இத்தகைய கடிதத்தைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் உங்கள் மனைவிக்கு நேர்ந்தது இந்த நடைமுறையின் மையத்திலேயே இருக்கும் கோளாறு. அவர் கையொப்பமிட்ட தாள் ஒரு விசாரணைப் பதிவு. அதன் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: நீங்கள் எதையும் சொல்ல வேண்டியதில்லை, சொல்வது சாட்சியமாகப் பயன்படலாம் என்பது அதன் சாரம். பொலிஸ் நிலையத்தில் சந்தேக நபருக்கு வாசிக்கப்படும் அதே வாசகம், அடுப்பில் கறியை வைத்துவிட்டு வந்து வாசலில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு, அவருக்கு முழுதாக விளங்காத மொழியில் வாசிக்கப்படுகிறது. பிறகு 'கடைசியாக எப்போது ரீவி பார்த்தீர்கள், எந்தச் சனல்' என்ற கேள்விகள். அவர் கொடுத்த பதில்களும் அடியில் இட்ட கையொப்பமும்தான் வழக்கின் முதன்மைச் சாட்சியம்.

குற்றம் யார்மீது சுமத்தப்படுகிறது என்று கேட்டிருந்தீர்கள். 2003ஆம் ஆண்டின் அதே தொடர்பாடல் சட்டத்தின் 363ஆம் பிரிவு, உரிமமின்றித் தொலைக்காட்சிக் கருவியைப் பயன்படுத்துகிறவரைக் குற்றவாளியாக்குகிறது. கட்டணம் யார் பெயரில் போகிறது என்று அது பார்ப்பதில்லை. நடைமுறையில், கதவைத் திறந்து பதில் சொன்னவரே பயன்படுத்தியவராகப் பதிவாகிறார். பகலில் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் யார் என்று நமக்குத் தெரியும். இக்குற்றத்துக்காகத் தீர்ப்பளிக்கப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள் என்பதை அரசின் புள்ளிவிவரங்கள் ஆண்டு ஆண்டாகக் காட்டி வந்திருக்கின்றன. பிபிசி இது குறித்து 2017இலும் 2023இலும் ஆய்வறிக்கைகள் வெளியிட்டது. இது குற்றவியல் குற்றமாகத்தான் நீடிக்க வேண்டுமா என்று 2015இல் டேவிட் பெரி என்ற சட்டத்தரணியின் தலைமையில் அரசு ஆராய்ந்தது; 'இப்போதைக்கு நீடிக்கட்டும்' என்றே அறிக்கை வந்தது. 2020இல் மீண்டும் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு, 2021 ஜனவரியில் மாற்றமில்லை என அறிவித்தார்கள். தண்ணீர்க் கட்டணத்தையோ மின்கட்டணத்தையோ கட்டத் தவறியவரைக் கடன்காரராகக் கருதும் ஒரு நாடு, ரீவி லைசென்ஸ் வாங்காதவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு ஏற்கத்தக்க நியாயத்தை நான் இன்றுவரை காணவில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்தக் கடிதம் 'ஒற்றை நீதவான் நடைமுறை'யின்படி வந்த அறிவித்தலாக இருக்க வேண்டும். அதில் வழக்கைத் திறந்த மன்றில் எவரும் கேட்பதில்லை. ஒரு நீதவான் சட்ட ஆலோசகரோடு இருந்து தாள்களைப் பார்த்துத் தீர்ப்பளிப்பார். பதில் அனுப்ப 21 நாட்கள் உண்டு. மேசை இழுப்பறைக்குள் கடிதத்தை வைத்துவிட்டு இருப்பதுதான் மிகப் பெரிய தவறு, ஏனெனில் பதில் வராவிட்டால் அவர் இல்லாமலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். குற்றத்தை ஏற்காமல் நீதிமன்ற விசாரணை கோர அவருக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதையும் அப்போதே எழுதலாம். கேட்ட கேள்விகள் விளங்கவில்லை, கையொப்பம் எதற்கென்று தெரியவில்லை என்பதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். இன்னொன்று முக்கியம்: நீதிமன்றத்துக்கு எழுதும் விளக்கம் வழக்குத் தொடுத்தவரின் கண்ணில் படாமலே போகலாம். ஆகவே நோய், வறுமை, அண்மைப் பிரசவம் போன்ற காரணங்கள் இருந்தால், வழக்கைத் திரும்பப் பெறும்படி ரீவி லைசென்சிங்குக்கும் தனியாக எழுதுங்கள். குற்றம் உறுதியானால் தண்டப்பணம் 1,000 பவுண் வரை போகலாம், செலவுத்தொகை அதற்கு மேல். உரிமம் இல்லாமைக்காக எவரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. விதித்த தண்டப்பணத்தை வேண்டுமென்றே கட்டாமல் விடுவதுதான் அந்த அபாயத்தைக் கொண்டுவரும். கட்ட முடியாவிட்டால் தவணை கேளுங்கள். தாமதிக்காமல் உங்கள் பகுதியில் இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்துக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் யாரும் பிபிசி பார்ப்பதில்லை. தமிழ்ச் சனல்களும் யூடியூபும்தான். பிறகு ஏன் பிபிசிக்குக் காசு கட்ட வேண்டும்? (டூட்டிங் வாசகர்)

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் இங்கே உங்களுக்கு இதமான பதில் சொல்ல என்னால் முடியாது. நம்மவரிடையே பெருமளவு பரவியிருக்கும் தவறான நம்பிக்கை இதுதான். பலர் சிக்குவதும் இதனால்தான். எந்த நாட்டுச் சனலானாலும், எந்த மொழியானாலும், அது ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் நீங்கள் பார்த்தால், அல்லது பதிவு செய்தால், உரிமம் வேண்டும். சென்னையிலிருந்து செய்மதி வழியாக வரும் செய்தியானாலும், பெட்டியொன்றின் மூலம் இணையத்தில் வரும் நேரலைச் சனலானாலும், கைத்தொலைபேசியில் நேரலையாகப் பார்க்கும் கிரிக்கெட்டானாலும் இதுவே சட்டம். செய்திச் சனல் தன் ஒளிபரப்பை அப்படியே யூடியூபில் நேரலையாகத் தரும்போது அதைப் பார்ப்பதும் இதில் அடங்கும்.

மறுபக்கத்தில், நேற்று ஒளிபரப்பான தொடரை இன்று இணையத்தில் ஆறுதலாகப் பார்ப்பதற்கும், நெட்பிளிக்சில் திரைப்படம் பார்ப்பதற்கும், யூடியூபில் ஏற்கெனவே ஏற்றப்பட்ட காணொளிகளுக்கும் உரிமம் தேவையில்லை. ஒரு கோயில் தன் திருவிழாவை எந்தச் சனலிலும் இல்லாமல் தன் இணையப் பக்கத்தில் மட்டும் காட்டினால், அது தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆகாது. வானொலிக்கும் உரிமம் இல்லை. அந்த முறை 1971இலேயே ஒழிந்துவிட்டது. விதிவிலக்கு, பிபிசியின் இணையவழிச் சேவையான ஐபிளேயர்: 2016 செப்டெம்பர் 1 முதல், அதில் எந்தப் பிபிசி நிகழ்ச்சியைப் பார்த்தாலும், பழைய நிகழ்ச்சியானாலும், உரிமம் கட்டாயம். சுவரில் ரீவி மாட்டியிருப்பது மட்டும் குற்றமல்ல. அதில் என்ன பார்க்கிறீர்கள் என்பதே கேள்வி.

நேரலைச் சனல் பார்க்கும் வழக்கம் வீட்டில் இருந்தால் உரிமத்தை வாங்கிவிடுங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்கு அது 174.50 பவுணாக இருந்தது. மாதத் தவணையில் கட்டலாம், ஆனால் புதிதாக எடுப்பவரிடம் முதல் ஆண்டுத் தொகையை ஆறு மாதத்துக்குள் வாங்கிவிடுவார்கள் என்பதால் தொடக்கத் தவணைகள் பெரியவையாக இருக்கும். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். 1941இல் தொடங்கி, 'தமிழோசை' என்று நம் வீடுகளில் ஒலித்து, போர்க்காலத்தில் இருட்டில் மின்கல வானொலியைச் சுற்றி அமர்ந்து நாம் கேட்ட அந்தச் சேவையும் பிபிசியுடையதுதான். அதன் வானொலி 2017 ஏப்ரலில் நின்றது. அந்த நன்றி எனக்கு உண்டு. வாசலில் நடப்பதை ஏற்க அந்த நன்றி என்னை வற்புறுத்தவில்லை.

கேள்வி: ஒரே வீட்டில் நான்கு மாணவர்கள் தனித்தனி அறையில் இருக்கிறோம். ஓர் உரிமம் போதுமா? 'சட்டப்படி குடியிருப்பவர்' என்று பெயரில்லாமல் சிவப்பு எழுத்தில் வரும் கடிதங்களை என்ன செய்வது? நாங்கள் நேரலை எதுவும் பார்ப்பதில்லை. (லெஸ்டர் வாசகர்)

பதில்: தம்பி, நால்வரும் சேர்ந்து ஒரே வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால் பொதுவாக ஓர் உரிமம் போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தமாயின், நேரலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனி உரிமம் தேவைப்படலாம். பெற்றோர் வீட்டு உரிமம் உங்களைக் காக்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு: சொந்த மின்கலத்தில் மட்டும் இயங்கும் கைத்தொலைபேசி, மடிக்கணினி போன்றவற்றில், மின்செருகியில் இணைக்காமல் பார்க்கும்போது மட்டும். மின்னேற்றியைச் சொருகியபடி பார்த்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

உரிமம் தேவைப்படாத நீங்கள் அக்கடிதங்களுக்குப் பதில் எழுதக் கடமைப்பட்டவர்கள் அல்லர். 'உரிமம் தேவையில்லை' என்று ரீவி லைசென்சிங்கின் இணையத்தளத்தில் அறிவித்தால் கடிதங்கள் சில காலம் ஓயும், ஆனால் சரிபார்க்க ஒருவர் வரலாம். அப்போதும் உள்ளே விடுவது உங்கள் விருப்பமே. வாசலுக்கு வரவே வேண்டாம் என்றால், கதவைத் தட்ட அவர்களுக்கு இருக்கும் பொதுவான அனுமதியை மீளப் பெறுவதாக எழுதி அனுப்பலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் வட அயர்லாந்திலும் அதை மதிக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு என்பதால் அங்கே ஏற்பதில்லை. தேடுதல் ஆணையை அது தடுக்காது. மின்னஞ்சலில் 'உரிமம் காலாவதி, இங்கே அழுத்துங்கள்' என்று வருபவற்றில் ஏமாற்று அஞ்சல்கள் ஏராளம்; எதையும் அழுத்தாமல் நேரே தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. எங்களோடு இருக்கிறார். 75 வயதுக்கு மேல் இலவசம் என்றார்கள், ஆனால் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. (கொவென்ட்ரி வாசகி)

பதில்: அந்த இலவசம் எல்லோருக்குமாக இருந்தது 2020 ஜூலை வரைதான். 2020 ஆகஸ்ட் 1 முதல், வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவியான பென்சன் கிரெடிட் பெறும் 75 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டுமே உண்டு. உங்கள் அம்மா அதைப் பெறாவிட்டால், பெறத் தகுதி உண்டா என்று முதலில் பாருங்கள்; அதற்கு உங்களுடைய சம்பளத்தைப் பார்ப்பதில்லை, அவருடைய வருமானத்தையும் சேமிப்பையும்தான் பார்ப்பார்கள். 'பிள்ளைகள் உழைக்கிறார்கள், நமக்கு எங்கே தருவார்கள்' என்று எண்ணி விண்ணப்பிக்காமலே இருக்கும் நம் முதியவர்கள் பலர். அரச நிதியுதவி பெறக்கூடாது என்ற நிபந்தனையோடு விசா பெற்று வந்தவராயின் விண்ணப்பிக்க வேண்டாம், அது அவருடைய விசாவையே பாதிக்கும். அந்த நிபந்தனை இல்லாமல் பென்சன் கிரெடிட் கிடைத்துவிட்டால், உரிமத்தை அம்மாவின் பெயரில் எடுங்கள். அந்த முகவரியில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் அதுவே போதும். அம்மாவுக்குக் கண்பார்வை மிகக் குன்றியதாக வைத்தியச் சான்று இருந்தால், பென்சன் கிரெடிட் இல்லாவிட்டாலும் கட்டணம் பாதியாகும். எதற்கும் அந்தக் கடிதத்தில் உள்ள திகதியைப் பார்த்துவிட்டு இந்த வாரமே ரீவி லைசென்சிங்குக்குத் தொலைபேசி எடுங்கள்.