எஃப்.என்.டி. எத்தனை பேருக்கு? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மேடம், எனக்கு எஃப்.என்.டி. என்கிறார்கள். இது ரொம்ப அபூர்வமான நோயா?

பதில்: இல்லவே இல்லை. மூளையின் அமைப்பில் சேதம் இல்லாமல் அதன் செயல்பாடு தடுமாறுவதால் கைகால் பலவீனம், நடுக்கம், வலிப்பு மாதிரியான தாக்குதல்கள் வருவதே எஃப்.என்.டி., அதாவது செயல்பாட்டு நரம்பியல் கோளாறு (Functional Neurological Disorder). லட்சம் பேரில் 80 முதல் 140 பேர் இதோடு வாழ்கிறார்கள் என்பது அண்மைக்கால மதிப்பீடு. ஒரு கோடி மக்கள் உள்ள நாட்டில் குறைந்தது 8,000 பேர். நீங்கள் தனி ஆள் இல்லை.

கேள்வி: அப்படியானால் ஏன் யாரும் கேள்விப்பட்டதே இல்லை?

பதில்: பதிவேட்டில் ஏறாததால்தான். நோய்களை வகைப்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 குறியீட்டில் இதற்கான இடம் மனநலப் பிரிவில் இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் 'கால் பலவீனம்' என்று அறிகுறியை மட்டும் எழுதி அனுப்பினால், அந்த நோயாளி நாட்டின் கணக்கிலேயே வரமாட்டார். நோயாளிகளை நேரடியாகப் பார்த்து எண்ணினால் கதையே வேறு. ஸ்காட்லாந்தில் 2002-04இல் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்குப் புதிதாக வந்த 3,781 பேரை ஆராய்ந்தார்கள். தலைவலிக்கு அடுத்த இடம், சுமார் 16 சதவீதம், செயல்பாட்டு, உளவியல் சார்ந்த அறிகுறிகளுக்கு! இவ்வளவு பேரைக் கணக்கில் எடுக்காமல் சிகிச்சைக்கு எப்படித் திட்டமிடுவது? எனக்குத் தீராத ஆதங்கம் இது.

கேள்வி: ஸ்கேன் நார்மல், அதனால் இந்தப் பெயரை வைத்துவிட்டார்களோ? பின்னால் வேறு நோய் தெரியவந்தால்?

பதில்: நல்ல மருத்துவர் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. படுக்கவைத்து, பலவீனமான காலின் குதிகாலுக்கு அடியில் கையை வைத்து, "கீழே அழுத்துங்கள்" என்பார். அழுத்தம் வராது. பிறகு மற்ற காலைத் தூக்கச் சொல்லி, மேலிருந்து தடுப்பார். அப்போது, அழுத்தவே வராத அந்தக் குதிகால் அவர் கையை நன்றாக அழுத்தும். 1908இல் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் விவரித்த சோதனை இது. கால் வேலை செய்யும் என்பதை நோயாளிக்கே காட்டிவிடலாம். அதே ஸ்காட்லாந்து ஆய்வில், நோயால் விளக்க முடியாத அறிகுறிகள் இருந்த 1,030 பேரை ஒன்றரை ஆண்டு கழித்து விசாரித்தபோது, எதிர்பாராத வேறு நோய் தெரியவந்தது 4 பேருக்கு மட்டுமே.

கேள்வி: பெண்களுக்குத்தான் வருமா?

பதில்: பத்தில் ஏழு பேர் பெண்கள். மற்றவர்கள் ஆண்கள்தானே.

கேள்வி: எனக்கு மனக்கவலையே இல்லையே? வீட்டில் நடிக்கிறேன் என்கிறார்கள்.

பதில்: நடிப்பு இல்லை. வீட்டாரிடம் இதைக் காட்டுங்கள். மன அழுத்தம் இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு நீக்கிவிட்டது.

கேள்வி: ஐந்து வருடமாக வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது வீடியோ இ.இ.ஜி. எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: அவசியம் எடுங்கள். தாக்குதல் வரும்போது உங்களை வீடியோ எடுத்தபடியே மூளையின் மின்னலைகளையும் பதிவு செய்யும் சோதனை அது; வந்தது கால்கை வலிப்பா, எஃப்.என்.டி.யால் வரும் 'செயல்பாட்டு வலிப்பா' என்று பிரித்துக் காட்டும். சரியான பெயர் தெரியவே பல வருடம் காத்திருந்தவர்கள் நிறைய. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். செயல்பாட்டு வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கால்கை வலிப்பும் சேர்ந்தே இருக்கிறது.