வேலை செய்யாமல் பொழுதைப் போக்குவதற்கு பிரிட்டனில் பேச்சுவழக்கில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன?

நிறைய இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது.

நான் வடக்கு இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். இங்கே தினமும் காதில் விழுவது 'ஃபாஃப்'. ஃபாஃப் செய்கிறவர் சும்மா இருப்பதில்லை. கை ஓயாது, காரியம் மட்டும் நகராது. எல்லோரும் கிளம்பி வாசலில் நிற்கும்போது பையைப் பிரித்து மறுபடி அடுக்குவார், சாவியைத் தேடுவார். "ஸ்டாப் ஃபாஃபிங் அபௌட்!" என்று வெளியிலிருந்து குரல் வரும். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு நாலு படிவம் நிரப்பச் சொன்னால் அதுவும் 'ஃபாஃப்'தான். கோபமில்லாத சொல், தாராளமாகச் சொல்லலாம்.

'ஸ்கைவ்' அப்படியில்லை. நாம் ஓபி அடிப்பது என்கிறோமே, கிட்டத்தட்ட அது. முதல் உலகப் போர்க் காலத்துச் சிப்பாய்களின் பேச்சிலிருந்து பரவியது. செய்ய வேண்டிய வேலையிலிருந்து நழுவுகிறார் என்ற குற்றச்சாட்டு அதில் இருக்கிறது. அதனால் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டவரை விளையாட்டுக்குக்கூட 'ஸ்கைவர்' என்று சொல்லாதீர்கள். 2012, 2013 வாக்கில் அரசு உதவித்தொகைகளைக் குறைப்பது பற்றிய விவாதத்தில் உழைப்பவர்கள் 'ஸ்ட்ரைவர்ஸ்', உதவி வாங்குபவர்கள் 'ஸ்கைவர்ஸ்' என்று பிரித்துப் பேசினார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே உதவித்தொகையும் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ இருந்தன. அவர்கள் மேல் அந்தச் சொல்லை எறிந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

'டாஸ்' (doss) என்றால் ஒன்றும் செய்யாமல் கிடப்பது. சுலபமான வேலையையும் அப்படிச் சொல்வார்கள். 'பாட்டர்' எனக்குப் பிடித்தது: ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் ஒரு செடியைக் கிள்ளி, ஒரு தொட்டியை நகர்த்தி, அவசரமில்லாமல் திரிவது. யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

பள்ளிக்கு மட்டம் போடுவதற்கு ஊருக்கு ஒரு சொல். பொதுவாக 'பங்க் ஆஃப்'. நம் ஊர்க் கல்லூரிகளில் 'பங்க் அடிப்பது' என்பதும் இதன் உறவுதான். இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் 'வேக்' (wag), ஸ்காட்லாந்தில் 'டாக்' (dog), வேல்ஸில் 'மிட்ச்' (mitch). இந்த 'மிட்ச்' ரொம்பப் பழசு. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில், அரசரைப் போல நடித்துக்கொண்டே இளவரசரிடம் பேசும் ஃபால்ஸ்டாஃப், சூரியன் 'மிச்சர்' ஆகி பிளாக்பெர்ரி தின்னப் போய்விடுமா என்று கேட்பார். மிச்சர் என்றால் மட்டம் போடுகிறவன்.