வாட்ச் காட்டும் கலோரியை நம்பி பரோட்டா சாப்பிடலாமா?

எடை, உணவு, நடை பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போனையும் ஸ்மார்ட் வாட்சையும் பற்றியவை. மார்த்தாண்டத்தில் இருக்கும் நம் உணவியல் ஆலோசகர் பதில் எழுதுகிறார்.

களியக்காவிளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். வயது 46, உயரம் ஐந்தடி ஆறங்குலம், எடை 88 கிலோ. மகன் வாங்கித் தந்த வாட்சைக் கட்டிக்கொண்டு ஆறு மாதமாகத் தினமும் பத்தாயிரம் அடி நடக்கிறேன். ராத்திரி பார்த்தால் 480 கலோரி செலவு என்று காட்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் இரண்டு பரோட்டாவும் கோழிக்கறியும் சாப்பிடுவேன். எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. வாட்ச் பழுதா?
— கடைக்காரர், களியக்காவிளை

வாட்ச் நன்றாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி. கை ஆடுவதை வைத்து அடியை எண்ணுகிறது. அடியில் மின்னுகிற பச்சை விளக்கால் ரத்த ஓட்டத்தைப் பார்த்து நாடித்துடிப்பைச் சொல்கிறது. இந்த இரண்டும் ஓரளவு நம்பக்கூடியவை. கலோரியை அது அளப்பதே இல்லை. உங்கள் வயது, எடை, உயரம், துடிப்பு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017-ல் ஏழு வகைக் கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ, இருந்ததில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்! இன்னொன்றும் உண்டு. கடையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு செலவழிக்கிற கலோரியையும் சேர்த்துக் காட்டுகிற வாட்சுகள் இருக்கின்றன. உங்கள் 480-ல் நடைக்கு உரியது எவ்வளவு என்று வாட்ச் செய்தவருக்கே தெரியாது. ஆனால் பரோட்டாவில் சந்தேகமே இல்லை. எண்ணெயைப் பொறுத்து ஒன்று 250, 300 கலோரி வரும். கோழிக்கறி தனி.

பத்தாயிரம் என்பதும் யாரோ மருத்துவர் எழுதிக் கொடுத்த எண் என்று நினைத்துவிடாதீர்கள். 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு வைத்த பெயரில் வந்த எண் அது. சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களைப் பற்றி 2019-ல் வெளிவந்த ஆய்வில், தினமும் 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்திருந்தது. 7,500 அடி வரை அது இன்னும் குறைந்தது. அதற்கு மேல் நடந்தும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் வயதுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 9,200-ல் நின்ற நாளில் ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டு முற்றத்தில் வட்டமடிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அப்படி வட்டமடிப்பவர்களை எனக்குத் தெரியும்.

கருவி கட்டினால் எடை குறையுமா என்று நேராகவே கேட்ட ஆய்வும் இருக்கிறது. 2016-ல் வெளியானது. 471 இளைஞர்கள், இரண்டு வருடம். எல்லோருக்கும் உணவு ஆலோசனை, உடற்பயிற்சி. பாதிப் பேருக்குக் கருவியும் கொடுத்தார்கள். கருவி இல்லாதவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள், கட்டியவர்கள் 3.5 கிலோதான். ஏன் என்று பல விளக்கம் சொல்கிறார்கள். என் சந்தேகம் உங்கள் பரோட்டா மேல்தான்: நடந்துவிட்டோம், இனி சாப்பிடலாம் என்ற கணக்கு. 2022-ல் நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தக் கருவிகளால் ஒருவர் நாளுக்குச் சுமார் 1,800 அடி கூடுதலாக நடக்கிறார், எடையில் ஒரு கிலோ அளவுக்குக் குறைகிறது என்று தெரிந்தது. ஆகவே வாட்ச் நடக்க வைக்கும், அதைக் கழற்ற வேண்டாம். எடையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மகனிடம் சொல்லி, கலோரி காட்டும் பக்கத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு வாரம், சாப்பாட்டு நேரம் தவிர வாயில் போடுகிற எல்லாவற்றையும் போனில் குரல் பதிவாகப் போடுங்கள். கல்லாவில் இருப்பவருக்கு எழுத நேரம் கிடைக்காது. பலசரக்குக் கடை என்கிறீர்கள். ஏத்தங்காய் சிப்ஸ் டின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும். நூறு கிராம் சிப்ஸ் 500 கலோரிக்கு மேல். இரண்டு கரண்டி சீனி போட்ட சாயா நாளைக்கு ஐந்து என்றால் சீனி மட்டும் 200 கலோரி. நம் நாட்டவருக்கு, உயரத்தோடு எடையை ஒப்பிடும் உடல் நிறை எண் (BMI) 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன். உங்களுடையது 31. ஆணுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தையல்காரர் டேப் ஒன்று வாங்கி மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். சார்ஜ் போட வேண்டாத கருவி அது.

ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறேன். வெளுப்புக்கு முன்னே தலையில் லைட் கட்டிப் போனால் முந்நூறு மரம் வெட்டி, பாலும் எடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். மகள் போனில் பார்த்துவிட்டு "அம்மா இன்னைக்கு 900 அடிதான் நடந்திருக்கே" என்று சிரிக்கிறாள். எடை 74 கிலோ, முட்டு வலி. டாக்டர் குறைக்கச் சொன்னார். இன்னும் நடக்கணுமா டாக்டரம்மா?
— குலசேகரம் அருகிலிருந்து

நான் டாக்டர் இல்லை அக்கா, உணவு ஆலோசனை சொல்பவள். போன் உங்களோடு மலையேறவில்லை. பால் பட்டுவிடும் என்று வீட்டில் வைத்திருப்பீர்கள், இல்லாவிட்டால் துணிப்பையில் போட்டு மரத்தடியில் தொங்கவிட்டிருப்பீர்கள். கூடவே இருந்தாலும், சரிவில் ஏறுவதையும் குனிந்து நிமிர்வதையும் வாளி சுமப்பதையும் அது சமதள அடியாகத்தான் எண்ணும். மகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னும் நடக்க வேண்டாம். உங்களுக்குச் சோற்றில்தான் வேலை. வெட்டு முடிந்து பசியோடு வந்து ஒரே இருப்பில் சாப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். காலையில் போகுமுன் கட்டன்சாயாவோடு ஒரு முட்டையோ, அவித்த பயறோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் தட்டில் முதலில் மீனும் காயும், அப்புறம் சோறு. போனுக்கு உங்களிடம் ஒரே வேலை: மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாட்களில் சாப்பாடு குறைகிறதா என்று பார்க்கத் தட்டைப் படம் எடுப்பது. உழைப்பு நின்ற மாதத்திலும் அதே அளவு சாப்பிடுவதில்தான் எடை கூடும்.

பாறசாலையில் குடியிருக்கிறோம். 29 வயது. பிரசவத்துக்குப் பிறகு 11 கிலோ கூடிவிட்டது. மகனுக்கு ஒன்றரை வயது, இன்னும் பால் கொடுக்கிறேன். உணவு ஆப்பில் எழுத ஆரம்பித்தேன். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மயக்கினதைத் தேடினால் ஏதோ புட்டிங் வருகிறது. மாமி வைக்கிற சாளை மீன் குழம்புக்கு என்ன போடுவது என்றே தெரியவில்லை. ஒரு நாளைக்கு 1,200 கலோரிதான் என்று வேறு சொல்கிறது. சலித்துப்போய் விட்டுவிட்டேன்.
— வாசகி, பாறசாலை

முதலில் அந்த 1,200-ஐ அழித்துவிடு தங்கச்சி. நீ பால் கொடுக்கிறவள் என்று ஆப்புக்குத் தெரியாது, நீ சொன்னாயோ என்னவோ. "சீக்கிரம் குறைய வேண்டும்" என்று ஒரு பொத்தானை அமுக்கினால் அது பாட்டுக்கு ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். பால் கொடுக்கும்போது மெதுவாகக் குறைவதே போதும். வாரத்துக்கு அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம்.

சரியான கலோரி தெரிய வேண்டும் என்று யார் சொன்னார்கள்? எழுதுவதால் வருகிற பலன் எழுதுவதிலேயே இருக்கிறது. 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுமார் 1,700 பேரில், சாப்பிட்டதைத் தினமும் குறித்தவர்கள் குறிக்காதவர்களைவிட இரண்டு மடங்கு எடை குறைந்தார்கள். ஆகவே ஆப்பை விட்டுவிடு, கேமராவை எடு. சாப்பிடுமுன் தட்டை ஒரே உயரத்திலிருந்து படம் பிடி. குழந்தை தின்னாமல் வைத்ததை நீ வழித்துச் சாப்பிடுவாயே, அதையும். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வரிசையாகத் தள்ளிப் பார். யாருக்காவது காட்டினால் இன்னும் நல்லது. தங்கையோ, தோழியோ, கேலி செய்யாத யாராவது. கிழங்கும் சோறும் ஒரே தட்டில் எத்தனை நாள் வந்திருக்கிறது என்று எண்ணு. மரச்சீனியும் மாவுச்சத்துதான். கிழங்கு வைத்த நாளில் அதுதான் சோறு என்று நினைத்துக்கொள். கிழங்கோடு மீனைக் கூட்டிக்கொள், கிழங்கைக் கூட்டாதே.

எண்ணெயைக் கறி கறியாக அளக்காதே, பைத்தியம் பிடிக்கும். புதிய பாட்டிலைத் திறக்கிற நாளில் போன் காலண்டரில் குறித்து வை. மாதத்துக்கு மூன்று லிட்டர் தேங்காயெண்ணெய், பெரியவர்கள் நாலு பேர் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 23 கிராம், 200 கலோரிக்கு மேல். அடுத்து தேங்காய். நடுத்தரக் காய் ஒன்றைத் துருவினால் தொள்ளாயிரம், ஆயிரம் கலோரி. தினமும் ஒரு காய் அரைக்கிற வீடா, அரைக் காயா என்பது உன் எடையில் தெரியும். மாமியிடம் போய் "தேங்காயைக் குறையுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்படிச் சொன்னவர்கள் வீட்டில் மறுநாளே இரண்டு காய் அரைத்த கதையெல்லாம் கேட்டிருக்கிறேன். மீன் துண்டை எடு, குழம்புச் சாறைக் குறைத்து ஊற்று. யாருக்கும் தெரியாது.

ஷார்ஜாவிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 64 வயது, கருங்கலில் இருக்கிறார். எடை 82. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சாப்பிடுகிறார். பதினாறு மணி நேரம் சாப்பிடாமலிருக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். வாட்ச் கணக்கு என் போனுக்கும் வரும். அடி குறைந்தால் உடனே கூப்பிட்டுக் கேட்பேன். இப்போது வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். காலையில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது என்று அம்மா சொல்கிறார்.
— மகன்

கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும் தம்பி. கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர் பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நடுக்கமும் வியர்வையும் அதன் அடையாளங்கள். விரத ஆப்பை இன்றே நிறுத்தச் சொல். நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இந்த வாரமே டாக்டரைப் பார்க்கட்டும். மாத்திரை அளவை அவர்தான் மாற்ற வேண்டும், நீயும் நானும் இல்லை.

வாட்சைக் கழற்றியதற்கு வருகிறேன். அறுபத்து நாலு வயதுக்காரரை, அவர் வளர்த்த பிள்ளை, கடலுக்கு அப்பாலிருந்து "ஏன் இன்னைக்கு 3,000 தான்?" என்று கேட்டால் வேறு என்ன செய்வார்? போன் வழியாக மனிதரை மாற்ற முடியும், முறை வேறு. சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 537 தொழிலாளர்களை இரண்டு வருடம் தொடர்ந்தார்கள். எல்லோரும் ஆண்கள். பாதிப் பேருக்கு உணவு, நடை பற்றிய சாதாரண குறுஞ்செய்திகள் போய்க்கொண்டிருந்தன. ஆப் இல்லை, வாட்ச் இல்லை. 2013-ல் முடிவு வந்தது. குறுஞ்செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, பெற்றவர்களில் 18 பேருக்கு. அப்பாவுக்கு ஏற்கெனவே நோய் வந்துவிட்டது, ஆகவே கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் யாரும் அவர்களைக் கூப்பிட்டு விசாரணை செய்யவில்லை என்பதைக் கவனி.

எல்லைக்கு அந்தப்பக்கம், கேரளத்தின் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இன்னொன்று செய்தார்கள். ஆயிரம் பேர் கலந்துகொண்ட ஆய்வு. பாதிப் பேரை அந்தந்த ஊர்க்காரர்களே நடத்துகிற குழுக்களில் சேர்த்தார்கள். இரண்டு வருடத்தில் சர்க்கரை நோய் வருவது எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குழுவில் இருந்தவர்கள் காய், பழம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், குடி குறைந்தது.

அதனால் நீ செய்ய வேண்டியது, அப்பாவோடு சாயாக்கடைக்குப் போகும் இரண்டு மூன்று பேரைப் பிடிப்பது. அவர்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. காலையில் யார் முதலில் சந்திப்புக்கு வந்தார் என்று அவர்களே படம் போடட்டும். நீயும் அதில் இரு, வாயைத் திறக்காதே. வாட்ச் கணக்கு உனக்கு வர வேண்டுமா என்று அப்பாவிடமே கேள். வேண்டாம் என்றால் இணைப்பைத் துண்டித்துவிடு. ராத்திரி அம்மாவிடம் பேசும்போது சர்க்கரை அளவைக் கேட்டுக்கொண்டால் போதும்.

உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும் புளூடூத் எடை மிஷின் வாங்கினேன். காலையில் 31, சாயங்காலம் 28 என்கிறது. எதை நம்புவது? என் மனைவிக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறது, அவளும் ஏறலாமா?
— அருமனை

அந்த மிஷின் காலடியில் சிறு மின்சாரத்தை ஓடவிட்டு, உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்பதை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தது, வியர்த்தது, உப்புக் கருவாடு தின்றது எல்லாம் அந்த எண்ணை மாற்றும். இரண்டையும் நம்ப வேண்டாம். எடையை மட்டும் வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். உங்கள் மனைவி அதில் ஏறவே கூடாது. பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு இந்த வகை மிஷின் வேண்டாம் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். அவருக்கு முள் ஓடும் பழைய மிஷின் போதும்.