எடி ஹவ் பெரிய ஆட்டக்காரர் இல்லையே, எப்படி இவ்வளவு நல்ல கால்பந்து மேனேஜர் (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) ஆனார்?

பெரிய ஆட்டக்காரர் ஆகவிடாமல் செய்தது முழங்கால். இங்கிலாந்தின் போர்ன்மவுத் கிளப்பில் வளர்ந்த சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்) அவர். 2002-ல் 4 லட்சம் பவுண்டு கொடுத்து போர்ட்ஸ்மவுத் வாங்கியது. அங்கே ஆட முடிந்தது இரண்டே லீக் ஆட்டங்கள். 2004-ல் அவரைத் திரும்ப வாங்க போர்ன்மவுத்திடம் காசில்லாமல், ரசிகர்களே 21,000 பவுண்டு வசூலித்துக் கொடுத்தார்கள். 2007-ல் ஆட்டத்தை விட்டுப் பயிற்சிக்கு வந்துவிட்டார்.

2008-09-ல் நிதிச் சிக்கலால் போர்ன்மவுத்துக்கு 17 புள்ளிகள் கழிப்பு. அதுவும் நான்காம் நிலையான லீக் டூவில். டிசம்பர் கடைசியில் தற்காலிகப் பொறுப்பேற்றபோது ஹவுக்கு வயது 31. முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. ஆனாலும் கிரிம்ஸ்பியை 2-1 என்று வென்று, ஓர் ஆட்டம் மீதமிருக்கும்போதே கீழே இறங்காமல் தப்பித்தார்கள். 2010, 2013, 2015 என்று மூன்று முறை மேலேறி, முதல் நிலையான பிரீமியர் லீக். (நடுவில் கொஞ்ச காலம் பர்ன்லி கிளப்.)

அங்கே ஓட்டை தெரிந்தது. ஐந்து சீசனிலும் 60-க்கு மேல் கோல் வாங்கிய அணி அது, 2020-ல் இறங்கியது. பிறகு மேனேஜராகப் போன நியூகாசிலில் அதை அவர் சரிசெய்ததுதான் என் கணக்கில் பெரிய விஷயம். தடுப்பாட்டக்காரர்கள் டிரிப்பியர், பர்ன், பாட்மன், கோல்கீப்பர் போப் வந்தபின் 2022-23-ல் வாங்கியது 33 கோல்தான். பணம் வந்தது உண்மை. ஆனால் பணத்தால் மட்டும் நடக்காத ஒன்று ஜோலின்டன். கோல் அடிக்கத் திணறிய ஸ்ட்ரைக்கர். 2021 நவம்பரில் நார்விச்சுக்கு எதிராக 9-வது நிமிடத்தில் சக ஆட்டக்காரர் கிளார்க் சிவப்பு அட்டை வாங்க, ஜோலின்டன் நடுக்களத்துக்கு இறக்கப்பட்டார். உடல்பலமும் பந்தைப் பறிக்கும் வேகமும் அங்கேதான் பயன்பட்டன. ஹவ் அவரை அங்கேயே வைத்துக்கொண்டார். அந்த சீசனின் முதல் 14 லீக் ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லாத அணி 11-வது இடத்தில் முடித்தது.

விடாமல் நெருக்கி ஆடும் முறைக்கு ஆள்பலம் வேண்டும். 2023-24-ல் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்கும் சேர, காயங்கள் குவிந்து 7-வது இடம்.

2025 மார்ச் 16, லீக் கோப்பை இறுதிப் போட்டி, எதிரணி லிவர்பூல். டிரிப்பியரின் கார்னருக்கு பர்ன் கோல் அருகே முண்டியடிக்காமல் பின்னால் தள்ளி நின்றார். ஆறரை அடி ஆளைப் பிடிக்க நின்றது அவரைவிட மிகக் குள்ளமான மெக்காலிஸ்டர்! பர்ன் தலையால் முட்டினார், கோல். 2-1 வெற்றி, 1955-க்குப் பிறகு நியூகாசிலின் முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை.